சல்லடை மெஷினுக்குக் குளியல்

சல்லடை மெஷினின் அடித்தட்டைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த மாவுக் கட்டி ஒன்றை விரலால் நசுக்கி மூக்கருகே கொண்டுபோனாள் மெர்சி. எங்கள் கம்பெனிக்கு அவள்தான் சூப்பர்வைசர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

"லீலாக்கா, இது ஈரத்துல கட்டின மாவு. இங்க தண்ணி எப்படி வந்துச்சு?"

எப்படி வரும்? நான்தான் ஊற்றினேன். வல்லத்தில் இருந்த எங்கள் சத்துமாவுக் கம்பெனியில் அப்படி ஒரு கூத்து. வறுத்து அரைத்த மாவைச் சலித்து மூட்டை கட்டுகிற அறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது. பிரஷ், காய்ந்த துணி, அவ்வளவுதான். சேர்ந்த நாளிலிருந்தே எனக்கு அது அருவருப்பு. தண்ணீர் படாத சுத்தம் ஒரு சுத்தமா? குளிக்காமல் பவுடர் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. அதுவும் ஆயுதபூஜைக்கு! முதல் நாள் சாயங்காலம் மெர்சி வீட்டுக்குக் கிளம்பியதும், இரண்டு குடம் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து மெஷினைத் தலையோடு குளிப்பாட்டினேன். துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, குங்குமம் வைத்தேன். அடடா, என்ன லட்சணம்! மறுநாள் பூஜை. அதற்கு மறுநாள் விஜயதசமி லீவு. லீவு முடிந்து நேற்றுதான் மெஷின் ஓடியது.

"வறுத்த மாவுதானே மேடம், கிருமியெல்லாம் செத்திருக்காதா?" என்று மழுப்பினேன்.

"வறுக்கறது சரிக்கா. சலிக்கிறது அதுக்கப்புறம்தானே? மறுபடியும் எங்க வறுக்கிறோம்? காஞ்ச மாவுல கிருமி லேசுல சாவாதுக்கா. மாசக்கணக்குல சும்மா கெடக்கும். தண்ணி பட்டுதுன்னா பெருகிடும். பெரியவங்களுக்கே வாந்தி பேதி வரும். பால்வாடியில பச்சத்தண்ணி தெளிச்சு உருண்டை புடிச்சுத் தர்றாங்க. அடுப்புலகூட வைக்கறதில்ல. எல்லாம் பச்சப்புள்ளைங்கக்கா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் கூசாமல் பொய் சொல்லியிருப்பேன். என் வாய்க்கு அது பெரிய வேலை இல்லை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். திரும்பவும் சேற்றில் குனிந்து நாற்று நட என் முட்டி ஒத்துக்கொள்ளாது. ஆனால் அந்தக் கட்டியை அவள் இன்னும் விரலில் வைத்துக்கொண்டே நின்றாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது.

"நான்தாம்மா கழுவினேன். பூஜைக்கு."

மெர்சி கண்ணை மூடித் திறந்தாள். "நேத்து சலிச்ச மாவு எங்க?"

"எல்லாம் இங்கதான் கீது. மூணு மூட்டைதான் காலையில சேரப்பணஞ்சேரி பால்வாடிக்குப் போச்சு."

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் டிவிஎஸ் ஐம்பதை உதைத்துக் கிளப்பிவிட்டாள்.

"என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்களா மேடம்?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டேன். வெட்கம்கெட்ட கேள்வி. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

"தெரியலக்கா. கெட்டியாப் புடிச்சுக்கோ, வேகமாப் போகணும்."

நாங்கள் போய் இறங்கியபோது பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆயா பாப்பம்மாள் பாதி வரிசைக்கு உருண்டை கொடுத்து முடித்திருந்தாள். மெர்சி ஓடிப்போய் அண்டாவைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு முதல் உருண்டையைப் பிடுங்கினேன். அந்தப் பையன் வீல் என்று கத்தினான். அவனைப் பார்த்து வரிசையே கத்தியது.

"இன்னாமே இது, துன்னுகினு கீற புள்ளைங்க கையிலேர்ந்து புடுங்கறே? நீயெல்லாம் வெளங்குவியா?" என்று பாப்பம்மாள் கையை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு கையிலிருந்தும் பிடுங்கி முந்தானையில் போட்டுக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு பொடிசு மட்டும் அழவில்லை. முஷ்டியை இறுக்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தது. மண்டியிட்டு, அந்தக் கையை முன்னால் இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளே பாதி உருண்டைதான் இருந்தது. அது என்னையே பார்த்தபடி, அவசரமில்லாமல், மென்றுகொண்டிருந்தது.