மூன்று நடை தண்ணீர்

என் மனைவி பொனோலோ இறந்து இரண்டு மாதம் கழித்து வண்டி வந்தது. இருவரும் சேர்ந்து முன்பதிவு செய்த லேண்ட் குரூசர். ரத்து செய்துவிடு என்றார்கள். நான் செய்யவில்லை.

தலைநகர் கபரோனியில் பட்டறைக்காரர் மொலெபாட்சி, வண்டியில் செய்ய வேண்டியவை என்று நாங்கள் இருவரும் முன்பு கொடுத்த பட்டியலை வாசித்தார். உயரமான ஸ்பிரிங். முன்னால் இரும்புத் தடுப்பு. மணலுக்கு அகல டயர். பின்னால் இரண்டு பேர் படுக்கக் கட்டில்.

“கட்டில் வேண்டாம். அந்த இடத்துல ஐந்நூறு லிட்டர் தண்ணித் தொட்டி வைங்க.”

“பொண்டாட்டியோட சுத்தறவங்க கட்டில்தானே...” என்றவர், துக்கத்துக்காக என் சட்டைக் கையில் தைத்திருந்த கறுப்புத் துணியைப் பார்த்து நிறுத்தினார். “வண்டி ஓடறப்ப தண்ணி தளும்பும். உள்ள தடுப்பு வைக்கணும்.”

“வைங்க.”

ஊருக்கு ஓட்டி வந்தேன். அம்மாவின் அண்ணன் செயிட்ஷிரோ மாமா வண்டியைத் தொடவில்லை. எங்கள் மாடுகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. ஊருக்கு மேற்கே, இருபது கிலோமீட்டர் மணலுக்கு அப்பால் பட்டி.

“ஊருக்குள்ள ஓட்டிக்கோ. பட்டிப் பக்கம் வராத. உன் உடம்புல சாவுச் சூடு இருக்கு. சினை மாடு கன்னைக் கலைச்சிடும். வருஷம் முடியட்டும், சடங்கு செஞ்சு கழுவி விடறோம்.”

“வண்டிக்குமா சூடு?”

“நீ உக்கார்ற சீட்டுதானே அது.”

ஐந்து மாதம் அவர் சொன்னபடி இருந்தேன்.

அக்டோபரில் பட்டியின் ஆழ்துளைக் கிணற்று எஞ்சின் நின்றது. உதிரிப்பாகம் வெள்ளிக்கிழமைதான் வரும். அன்று செவ்வாய். இருபத்து மூன்று மாடுகள் முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. மாமா மகன் மொதிரி தன் பிக்கப்பில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போனான். ஆறாவது கிலோமீட்டரில் வண்டி மணலில் புதைய, எனக்கு போன் செய்தான்.

“மச்சான், அச்சு வரைக்கும் உள்ள போயிடுச்சு. உன் வண்டிய எடுத்துட்டு வா. இங்கேருந்து நான் ஓட்டறேன். தண்ணிக்காக வண்டி மட்டும்னா அப்பா ஒத்துக்குவாரு.”

“டயர்ல காத்தை இறக்கினியா?”

“எதுக்கு? கல்லு மாதிரி இருந்தாத்தானே பாரம் தாங்கும்.”

“நானே ஓட்டறேன்.”

தொட்டியை நிரப்பினேன். மணலில் புதையாமல் இருக்க நான்கு டயரிலும் காற்றைப் பாதியாக இறக்கினேன். வழியில் மொதிரியை ஏற்றிக்கொண்டேன்.

பட்டி வாசலில் குறுக்குக் கட்டைகள் மாட்டியிருந்தன. மாமா உள்ளே நின்றார்.

“அங்கயே நிறுத்து. நீ இறங்கிப் போ. மொதிரி உள்ள கொண்டு வரட்டும்.”

“அவன் இப்பத்தான் ஒரு வண்டியைப் புதைச்சிட்டு வர்றான்.”

“நான் ஒண்ணும் சொல்லலப்பா,” என்று மொதிரி கைகளை விரித்தான்.

“மருமகனே, கன்னு கலைஞ்சா யார் பதில் சொல்றது?”

“தாகத்துல செத்தா?”

“படிச்ச திமிரு.”

“மூணு வருஷம் இந்த மாடுங்களுக்கு பொனோலோதான் ஊசி போட்டா. அப்ப அவ கை நல்ல கை. செத்ததும் அவ தொட்டதெல்லாம் கெட்டுப்போச்சா மாமா? அவ என்ன வியாதியா?”

 மாமா வழி விடவில்லை. நான் இறங்கிக் கட்டைகளை உருவினேன். வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்ததும் ஒதுங்கினார்.

வண்டித் தொட்டியின் குழாயைத் திறந்து, மாடுகள் குடிக்கும் தொட்டிக்குள் விட்டேன். மாடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. ஒரு சினைப்பசு என்னைக் கம்பி வேலி மேல் தள்ளியது. அதன் வயிற்றில் கை வைத்தேன். மாமா பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன். உள்ளே கன்று உதைத்தது. கையை எடுக்கவில்லை.

தண்ணீர் சீக்கிரமே தீர்ந்தது. பாதி மாடுகளுக்கு வாய்கூட நனையவில்லை. வண்டியை வெளியே எடுத்ததும் மாமா கட்டைகளை மறுபடி மாட்டினார்.

“போதும். மீதியை நாங்க பாத்துக்கறோம்.”

“எதை வச்சு?” என்றேன். “ரெண்டு மணி நேரத்துல வர்றேன்.”

அன்று மூன்று நடை அடித்தேன். ஒவ்வொரு முறையும் கட்டைகள் மாட்டியிருந்தன. ஒவ்வொரு முறையும் இறங்கி எடுத்தேன்.