ஏழாம் வார்டில் டூட்டி மாற்றம்

ஏழாம் வார்டில் ஒன்பது வருஷமாக ஒருவரும் சாகவில்லை. அங்கிருந்த சிஸ்டருக்கு ஒன்பது வருஷமாக டூட்டி முடியவில்லை என்பதுதான் காரணம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவளை மாற்றிவிட வேண்டியவள் போன் செய்து, "அரை மணி நேரம் லேட்டாகும், கொஞ்சம் பாத்துக்கடி" என்றாள். இவளும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "சரி, மெதுவா வா" என்று சொல்லித் தொலைத்தாள். வருகிறவள் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் இருக்கிறவள் வார்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். வரவேண்டியவளுக்கு அன்றைக்கே வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது.

முதல் மாதம் தற்செயல் என்றார்கள். ஆறாவது மாதம் பெரிய டாக்டருக்கு விஷயம் புரிந்தது: இவள் உள்ளே நிற்கும்வரை அங்கே யாருக்கும் உயிர் போகாது. அதற்கப்புறம் மாற்று ஆள் அனுப்புவாரா? நன்றாக அனுப்புவார்! விருது வாங்கினார், பேப்பரில் பல்லைக் காட்டினார். அவள் தினமும் லீவு லெட்டர் எழுதினாள். அவர் தினமும் "நாளைக்குப் பாக்கலாம்மா" என்றார். ஊசி, டிரிப், பெட்பேன், விரிப்பு, மறுபடியும் ஊசி. நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு புடைத்தது. அவளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை இரண்டு வருஷம் ஜன்னல் வழியாகப் பேசினான். மூன்றாம் வருஷம் பத்திரிகை நீட்டினான், மணப்பெண் வேறொருத்தி. சாகாதவர்கள் பிழைக்கவும் இல்லை என்பதைத்தான் யாரும் பேப்பரில் போடவில்லை.

ஒன்பதாம் வருஷம் அவளுடைய அம்மாவையே அங்கே கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். வயிற்றில் புற்று. மகளைக் கண்ணாரப் பார்த்த சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. அதன்பின் எட்டு மாதம் எந்த மருந்துக்கும் அடங்காத வலி. போக வேண்டிய உயிர், மகள் பக்கத்தில் நின்றதால் போகாமல் கிடந்து துடித்தது.

"கண்ணு, நீ வீட்டுக்குப் போயேன். நான் கிளம்பணும்டி."

"எப்படிம்மா போறது? பதினாறு பேர் இருக்காங்களே. கையெழுத்துப் போட ஆள் வரல."

"அப்ப என்னை வெளிய தள்ளு."

பெரிய டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தாள். "ஒன் அம்மாவுக்காக ஒன்னை வெளிய விட்டா மத்தவங்க கதி என்னம்மா?" என்று அந்தப் பாவி அவளுக்கே புத்தி சொன்னார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அம்மாவின் முகம் துடைத்து, தலை வாரிவிட்டு, கட்டிலின் பிரேக்கை எடுத்தாள். வாசல்வரைதான் அவளால் போக முடியும். தலைமாட்டுக் கம்பியைப் பிடித்தபடி உள்ளே நின்று மெல்லத் தள்ளினாள். முதலில் பாதங்கள் வெளியே போயின, அவை இறந்தன. பிறகு முழங்கால்கள். வயிறு வாசல் நிலையைத் தாண்டியதும் அம்மா "அப்பாடா" என்று எட்டு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். நெஞ்சும் கழுத்தும் தலையும்தான் உள்ளே மிச்சம்.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டேன்மா" என்று பொய் சொன்னாள். தள்ளினாள்.

வெளியே போய் அம்மாவின் கண்ணை மூடிவிடக்கூட அவளால் முடியவில்லை. வார்டு ஆயாதான் மூடினாள். சாவு தாழ்வாரத்தில் நடந்தது என்று பெரிய டாக்டர் எழுதி முடித்தார். கட்டிலை ஆயா உள்ளே உருட்டிவிட்டதும் சிஸ்டர் விரிப்பை மாற்றினாள். ஒரு மணிக்கு அதில் புது நோயாளி வந்து படுத்தார்.