ஆட்டுப்பால் எல்லை

தாப்பூ என்றால் அந்தப் பாலைவன ஊர்ப் பேச்சில் 'போதும்' என்று அர்த்தம். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். அதற்குப் பிறகு பிறந்தவன் தம்பி லூணாராம். இன்று காலை அவன்தான் பொக்லைன் வண்டியை அவளுடைய வன்னிமரக் கன்றுகளை நோக்கி ஓட்டிக்கொண்டு வந்தான்.

தேவிக்கு விட்ட காட்டை அங்கே ஓரண் என்பார்கள். அதில் சுள்ளிகூட ஒடிக்க மாட்டார்கள். சர்க்கார் கணக்கில் மட்டும் அது தரிசு. சோலார் தகடுகள் வந்தபோது பாதி ஓரண் மொட்டையானது. தாப்பூ பக்கத்து மேட்டில் விதை போட்டாள். இலந்தை முள் அடைத்து, குடிக்கிற தண்ணீரில் பங்கு கொடுத்து, கன்றுகளை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்தாள். இப்போது சோலார்காரர்களுக்கு அந்த மேடும் வேண்டுமாம்.

ஓரணுக்குப் பாலால்தான் எல்லை கட்டுவார்கள். பால் ஊற்றிச் சுற்றிய இடத்துக்குள் இரும்பு நுழைத்தவன் வீட்டில் மடி வற்றும் என்பது ஊர் நம்பிக்கை. விடிந்ததும் தாப்பூ தன் பசுவின் பாலை ஊற்றிக்கொண்டே மேட்டைச் சுற்றினாள். பஞ்சத்தில் அடிபட்ட பசு. சுற்று முடியுமுன் செம்பு காலி. வண்டி நுழையும் அகலத்துக்கு இடைவெளி விழுந்துவிட்டது.

"அக்கா, நகரு."

"கோட்டைத் தாண்டுடா, பாப்போம்."

லூணாராம் ஈர மணலைப் பார்த்தான். வண்டியை நிறுத்தினான்.

காண்ட்ராக்டர் சட்டா ஜீப்பிலிருந்து தலையை நீட்டினார். "என்னப்பா பயம்? அந்தப் பக்கம் பாலு தீந்துபோச்சு பாரு. அதுவழியா போ. சாமியும் கோவிக்காது, என் வேலையும் நிக்காது."

வண்டி திரும்பியது. தாப்பூ ஓடிப்போய், மேய்ந்துகொண்டிருந்த கறுப்பு ஆட்டைக் கொம்பைப் பிடித்து இழுத்துவந்தாள். இடைவெளியில் குந்தி, மடியைப் பீச்சத் தொடங்கினாள்.

சட்டா விழுந்து விழுந்து சிரித்தார். லூணாராமுக்குக் கோபம் வந்தது. "பசும்பால்தான் ஊத்தணும். ஆட்டுப்பால்ல எவனாவது ஓரண் கட்டுவானா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இந்தக் கன்னுக்கெல்லாம் விதை எங்கருந்துடா எடுத்தேன்?"

அவன் கன்றுகளைத் திரும்பிப் பார்த்தான்.

"நம்ம பட்டியில, புழுக்கையிலருந்து பொறுக்கினேன். வன்னிக்காயத் தின்னுட்டு இதுங்க போட்டதுதான் மொளைச்சு நிக்குது. விதைச்சது ஆடு. எல்லையும் ஆடே கட்டட்டும். பசு வந்து என்னத்தக் கிழிச்சுது?"

"ஏத்துடா வண்டிய!" சட்டா கத்தினார். "நீ இல்லேன்னா நாளைக்கு வேற ஆளு வருவான்."

"வரட்டும் சாப்," என்றாள் தாப்பூ தலை நிமிராமல். "பட்டியில இன்னும் ஆடு இருக்கு."

ஆடு உதைத்தது. ஒரு கையால் பிடிக்கவும் மறு கையால் பீச்சவும் முடியவில்லை. கோடு கோணல்மாணலாகப் போய் பாதியில் நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி காலைப் பிடித்தாள்.

பொக்லைன் சத்தம் அடங்கியது. லூணாராம் இறங்கி வந்தான். கோட்டருகே நின்று செருப்பைக் கழற்றினான்.

"செருப்ப ஏன்டா கழட்டுற?"

"உள்ள ஓரண், சாப்."

வெறுங்காலோடு உள்ளே போய் ஆட்டின் பின்னங்கால்களை இறுக்கிப் பிடித்தான். "பீச்சு அக்கா. இனிமே எனக்குச் சோறு உன் வீட்டுலதான்."

"கம்பு ரொட்டி இருக்கு. மோரு கேக்காத." பால் மணலில் சர்ரென்று இறங்கியது. "இன்னைக்கு அத்தனையும் இங்கதான் ஊத்தியிருக்கேன்."