கொட்டகையின் இடது கதவு

பழனிவேல் கடப்பாரையால் நான்காவது தடவை குத்தியபோது பின்சுவர் பொத்துக்கொண்டது. உள்ளே கிடத்தியிருந்த ராஜாங்கத்தின் காலில் மண் கொட்டியது. அம்சவல்லி எழுந்து போய் அதை முந்தானையால் தட்டிவிட்டாள். புருஷன் காலில் மண் படக்கூடாது என்ற அக்கறை அவளுக்குக் காலையிலேயே வந்திருக்கலாம்.

"அவுட்ட நட்சத்திரத்துல உசிரு போயிருக்கு," என்றார் ராஜாங்கத்தின் சித்தப்பா பரமசிவம். "வாசப்படி வழியா தூக்கினா அதே வழியா திரும்பி வந்துடுவான். செவுத்து வழியா எடுங்க. அப்பறம் வூட்ட ஆறு மாசம் அடச்சி, வாசல்ல முள்ளு வெட்டிப் போடணும்."

"ஆறு மாசம் அண்ணி எங்க இருப்பாங்க? எங்கூட குவார்ட்டர்ஸுக்கு வந்துடட்டும்," என்றான் பழனிவேல். செத்தவனின் தம்பி அவன். மைன்ஸில் பர்மனென்ட் ஆகி டவுன்ஷிப்பில் குடியிருந்தான்.

"மாட்ட யாரு பாக்கறது?" என்றாள் அம்சவல்லி.

எல்லோரும் மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார்கள். அதற்கு ஒரு பக்கம் கதவு இருந்தது, இன்னொரு பக்கம் இல்லை.

ஊரைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு இந்த மனையைக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மனிதர்கள் எப்படியோ பழகிக்கொண்டார்கள். மாடுகளுக்குத்தான் யாராலும் எடுத்துச் சொல்ல முடியவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு விடியற்காலையில் பழைய ஊரைப் பார்த்து நடந்துவிடும். அங்கே இப்போது பள்ளம்தான் இருந்தது. கார்த்திகை மாசம் செவலைக் கிடாரி அதில் விழுந்து செத்தது. அன்றைக்குத்தான் ராஜாங்கம் கொட்டகைக்கு இரட்டைக் கதவு போடுவதென்று கிளம்பினான். வெளிநாட்டு மெஷின் வந்த பெட்டிகளின் பலகையை ஏலத்தில் எடுத்து வந்தான். பலகையெல்லாம் அவனுக்குப் புரியாத கறுப்பு எழுத்து, நடுவில் குடை போட்ட படம். தச்சனைக் கூப்பிடச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். வேலை இல்லாத நாளெல்லாம் அறுப்பதும் இழைப்பதுமாக இருந்தான். பிள்ளை இல்லாத வீட்டில் அந்த இழைப்புளிச் சத்தம்தான் சத்தம்.

இன்று காலை வலது கதவைக் கீலில் மாட்டிவிட்டான். இடது கதவைத் தூக்கும்போது கூப்பிட்டான்.

"அம்சா, இந்த மொனைய ஒரு கை புடி."

அவள் உலை வைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் படுக்கும் வீட்டுக்கு இன்னும் மூங்கில் தட்டிதான் கதவு.

"மாட்டுக்கு ரெட்டைக் கதவு கேக்குதா? நா வரல. ஆசப்பட்டவங்களே தூக்கிக்கட்டும்."

அவன் மறுபடி கூப்பிடவில்லை. சற்றுப் பொறுத்து ஒரு முனகல் கேட்டு அவள் ஓடினாள். கதவு பத்திரமாகச் சுவரில் சாத்தியிருந்தது. அவன் அதன் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்து வாயைத் திறந்தான், பேச்சு வரவில்லை. அக்கம்பக்கத்தார் வீட்டுக்குள் தூக்கி வந்து பாயில் கிடத்தியதும் உயிர் போய்விட்டது.

திட்ட நினைத்தானா, தண்ணீர் கேட்டானா? அது தெரியாமல் மிச்ச காலத்தை எப்படித் தள்ளுவது என்று அவளுக்கு விளங்கவில்லை. சுவரின் ஓட்டை வழியாக அவனை வெளியே எடுத்தபோது எல்லோரும் பிணத்தைப் பார்த்து அழுதார்கள். அவள் வாசலில் முள் போடுவதைப் பார்த்து அழுதாள். வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே என்றிருந்தது.

வீட்டை அடைத்ததால் அம்சவல்லி கொட்டகைக்கு மாறினாள். கருமாதி வரைக்கும் நாத்தனார் வீராயி துணைக்கு அங்கே படுத்தாள். காற்றடித்தால் வலது கதவு தானாகத் திறக்கும், தானாக வந்து மோதும். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவள்தான் வீராயி. இப்போது கதவு முனகினால் திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு போர்வைக்குள் போய்விடுவாள். அம்சவல்லி ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்ப்பாள். பழுப்புப் புழுதி பறந்துகொண்டிருக்கும்.

கருமாதி முடிந்து வீராயி குறிஞ்சிப்பாடிக்கு பஸ் ஏறினாள். அன்று சாயங்காலம் நைட் ஷிப்டுக்குப் போகும் வழியில் பழனிவேல் வந்தான்.

"தொறந்து போட்டுகினு தனியா படுக்கக் கூடாது அண்ணி. அந்தக் கதவையும் மாட்டிடறேன்."

கூப்பிடாமலே அம்சவல்லி வந்து ஒரு முனையைப் பிடித்தாள். தோளை இழுக்கும் கனம். ஒற்றை ஆள் தூக்குகிற கதவில்லை என்று கிட்டே வந்து பார்த்தாலே தெரியும். அன்றைக்கு அவள் கிட்டே வரவில்லை.

இரண்டு கதவும் பொருந்தி நின்றன. நாதாங்கி அடிக்கும் இடத்தை ராஜாங்கம் வெளிப்பக்கம் பென்சிலால் குறித்திருந்தான்.

"மாட்டுக்குன்னு செஞ்சதால வெளிய வச்சிருக்காரு," என்றான் பழனிவேல். "நான் உள்பக்கமா அடிச்சிடறேன்."

"வாணாம். அவரு கோடு போட்ட எடத்துலயே அடி. அடிச்சி, போட்டுட்டுப் போ. காலைல ஷிப்ட் முடிஞ்சி வந்து எடுத்து வுடு."

"உள்ள இருக்கறவங்க தொறக்க முடியாதே அண்ணி. வெளிய நிக்கறவங்கதான் தொறக்கணும்."

"தெரியும்."

பழனிவேல் குனிந்து, அண்ணன் குறித்த இடத்தில் ஆணியை வைத்தான்.

நாதாங்கி விழும் சத்தமும் சைக்கிள் போகும் சத்தமும் கேட்டன. அம்சவல்லி கதவுக்கு நேராகப் பாயை விரித்து உட்கார்ந்தாள். நாதாங்கியை எடுத்துக்கொண்டு அவன் பேயாக வந்தாலும் சரி, கழுத்தை நெரித்தாலும் சரி, அன்றைக்கு வாயில் நின்றுபோன பேச்சை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சுரங்கத்தில் காலை ஆறு மணிச் சங்கு ஊதியது. பலகை இடுக்குகளில் வெளிச்சம் வந்து மாடுகளின் முதுகில் விழுந்தது. அம்சவல்லி எழுந்து இரண்டு கையாலும் கதவைத் தள்ளினாள். பழனிவேல் போட்டுவிட்டுப் போன நாதாங்கி அப்படியே இருந்தது. இன்னொரு தடவை மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு குனிந்து சாணியை அள்ள ஆரம்பித்தாள்.