சயாமுக்குப் போகாத கடிதம்

உண்ணாமலையின் புருஷன் தீர்த்தகிரி சயாம் நாட்டில், பாங்காக்கில் ஒரு துணிக்கடைக்குக் காவல்காரனாக இருந்தான். ஐப்பசியில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. ஜப்பான் பட்டாளம் பக்கத்து நாடு வரைக்கும் வந்துவிட்டதாம், கிளம்பி வரட்டுமா என்று கேட்டிருந்தான். இங்கே மழையில்லாமல் சோளம் கருகிக் கிடந்தது. தை வரைக்கும் அங்கேயே இருக்கச் சொல்லி, சூரமங்கலம் போஸ்ட்மாஸ்டரைக் கொண்டு பதில் எழுதிப் போட்டாள்.

அப்புறம் மனசு கேட்கவில்லை. உடனே புறப்பட்டு வரச்சொல்லிக் கார்த்திகைக் கடைசியில் இன்னொன்று போட்டாள். தை பிறந்ததும் அது திரும்பி வந்தது.

"சயாம் ஜப்பானோட சேந்துருச்சும்மா. இனி அது வெள்ளக்கார சர்க்காருக்கு எதிரி நாடு, தபால் போகாது" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"ஜப்பான்காரனக் கண்டு அவுங்களுக்கும் பயந்தானுங்களே? அப்புறம் ஏனுங்க சேந்தாங்க?"

"பயந்துதாம்மா சேந்தாங்க. எதுத்து நின்னா நாடே மிஞ்சாதுன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க."

அவளுடைய அப்பனும் ஒரு காலத்தில் பக்கத்துக் காட்டுக்காரனின் அடியாட்களுக்குப் பயந்து, அவனோடேயே சேர்ந்துகொண்டவர். கடைசியில் கிணறும் போயிற்று, சோளக்காடும் போயிற்று.

"அப்ப எங்கூட்டுக்காரரு அங்க யாருக்குங்க எதிரி?" என்று கேட்டாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தை வரைக்கும் அங்கேயே இருக்கச் சொல்லி எழுதியது அவர் கைதான்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து ஊர் திரும்பிய ஒருவன், தீர்த்தகிரியை ஜப்பான்காரர்கள் ரயில் பாதை போடப் பிடித்துப் போனதாகச் சொன்னான். அதற்குமேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.