சாமான் அறையில் மூன்றாவது பெட்டி

மனேஜர் லோரன்ஸ் சார் மூன்றாவது பெட்டியைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார் என்று கேட்டதும் சுலக்ஷனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹட்டனில் தேயிலையைப் பொதிசெய்து கொழும்புக்கு அனுப்பும் அந்தக் கம்பனியில் கணினிப் பகுதி என்றால் அவள் ஒருத்திதான். அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முன்பு கணக்கைப் போட ஒரு கருவி, சேமித்து வைக்க இன்னொன்று, இரண்டையும் இணைக்க வேறொன்று. மூன்றையும் மூன்று இடத்தில் வாங்கியிருந்தார்கள். ஏதாவது நின்றுபோனால் முதலாமவன் இரண்டாமவனைக் கைகாட்டுவான், அவன் மூன்றாமவனை, அந்த மகராசன் மறுபடி முதலாமவனை. அதற்குள் வாசலில் லொறிகள் வரிசை கட்டிவிடும். கணினி அச்சடிக்கும் கேட் பாஸ் இல்லாமல் ஒரு பொதி தேயிலைகூட வெளியே போகாது. திட்டு மட்டும் வழி தவறாமல் அவளிடமே வந்து சேரும்.

தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசித்தான் புதியதை வாங்க வைத்தாள். ஹைப்பர் கன்வர்ஜ்ட் என்று பெயர். லோரன்ஸ் சார் வாயில் அது ஒருநாளும் முழுதாக நுழைந்ததில்லை. ஒரே மாதிரி மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றும் கணக்குப் போடும், சேமிக்கும், மற்றவற்றோடு பேசும். ஒன்று விழுந்தால் மீதி இரண்டும் சுமையைத் தாங்கிக்கொள்ளும், வேலை நிற்காது. கோளாறு வந்தால் கூப்பிட வேண்டியதும் ஒரே கம்பனியைத்தான். கொழும்பிலிருந்த டைரக்டர் சம்மதித்தார். ஆனால் இனியும் வேலை நின்றால் கணினிப் பகுதியையே கொழும்புக்கு எடுத்துக்கொள்வோம் என்றார். உன் வேலை போய்விடும் என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது.

லோரன்ஸ் சார் மனேஜராவதற்கு முன் தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரம் பார்த்தவர். ஒரு பெல்ட் ஓடினால் இன்னொரு பெல்ட் சாமான் அறையில் பூட்டிக் கிடக்க வேண்டும். அவருக்கு அதுதான் வேதம்.

“மூனும் சேந்து ஓடணும் சார். இது ஸ்பெயார் இல்ல.”

“இப்ப ரெண்டுல ஓடுதா இல்லையா?”

“ஓடுது. ஆனா...”

“அப்புறம் என்னா? மூனையும் ஒரேயடியா தேய விடவா? ஒன்னு புதுசா கெடக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்.”

“ரெண்டுல ஒன்னு விழுந்தா மத்தது தனியா ஓடாதுங்க சார். தன்கிட்ட உள்ள கணக்கு சரிதானான்னு கேக்க இன்னொன்னு வேணும். இல்லாட்டி நின்னுரும்.”

“நீ கெட்டிக்காரிதான் புள்ள. வீணா பயப்படுற.”

கொழும்புக்கு எழுதிப் பார்த்தாள். மனேஜரோடு பேசிக்கொள்ளச் சொன்னார்கள். சாமான் அறைக்குப் பொறுப்பான இராமையாவிடம் கெஞ்சினாள். “சாவி சார் பாக்கெட்டுல இருக்கு தங்கச்சி. நான் என்னா செய்ய?” என்றார் அவர். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சித்திரை பிறந்ததும் மத்தியான இடி தொடங்கியது. ஒருநாள் விழுந்த இடியில் ஒரு பெட்டி கருகியது. அவள் சொன்னது போலவே மற்றதும் நின்றது. வாசலில் லொறிகள் ஹோர்ன் அடித்தன. லோரன்ஸ் சார் மூன்றாவது பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவது போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“பாத்தியா? நான் எடுத்து வைக்காட்டி இன்னிக்கு என்னா கதி?”

அவள் பெட்டியை வாங்கி இணைத்தாள். நின்றிருந்த பெட்டி புதியதோடு சேர்ந்து எழுந்தது. ஒரு கணக்கும் தொலையவில்லை. லொறிகள் போவதற்குள் லோரன்ஸ் சார் கொழும்போடு பேசிவிட்டார். புதிய மிசின் விழுந்துவிட்டது, நல்லவேளை நான் ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தேன் என்று. அவருக்குப் பாராட்டு. அவளுக்குக் கடைசி எச்சரிக்கை. அழுகை வரவில்லை, வந்திருந்தாலாவது நெஞ்சு ஆறியிருக்கும்.

கருகியதற்குப் பதில் பெட்டி, ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில், சண்டையில்லாமல் வந்து சேர்ந்தது. லோரன்ஸ் சார் சாவியோடு வாசலிலேயே நின்றார்.

“புதுசு நேரா உள்ள போகட்டும்.”

“சரிங்க சார். நம்பரைப் பதிஞ்சிட்டுத் தாறேன்.”

தன் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். புதியதை மற்ற இரண்டோடும் இணைத்தாள். மேசைக்கடியில் செத்துக் கிடந்த பழைய சேமிப்புக் கருவியைத் தூக்கிப் புதியது வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டினாள். சரியான வேலையைத் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது.

லோரன்ஸ் சார் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். “கனத்தப் பாரு! சாமான்னா இப்பிடி இருக்கணும்.” சாமான் அறையைப் பூட்டி, பூட்டை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.

அடுத்த பெரிய இடி வைகாசியில் விழுந்தது. சுலக்ஷனா ஓடிப்போய்ப் பார்த்தாள். நடுப்பெட்டி அணைந்திருந்தது. மற்ற இரண்டிலும் பச்சை விளக்கு. வெளியே கேட் பாஸ் அச்சடிக்கும் சத்தம் நிற்கவேயில்லை. லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இதைத்தானே அவள் அத்தனை நாள் தொண்டை கிழியச் சொன்னாள்.

லோரன்ஸ் சார் கதவருகில் வந்து நின்று சட்டைப்பையைத் தட்டினார். உள்ளே சாவி குலுங்கியது.

“இன்னிக்கு இடிக்கு ஒன்னும் ஆகல பாத்தியா? உள்ள ஸ்பெயார் கெடக்குன்னு தெரிஞ்சாலே மிசின் ஒழுங்கா ஓடும்.”

அணைந்த பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள் சுலக்ஷனா.

“ஆமாங்க சார்” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.