சக்கரம் படக்கூடாத தெரு

என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை, இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிய களைப்பில் சொல்கிறேன். முடி வெட்டிக்கொண்டு வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால், பின்பக்கம் ஒரு சென்டிமீட்டர் கோணல் என்பார். அளந்தும் காட்டுவார்.

ஊருக்கு வெளியே இருக்கும் கார் பந்தய மைதானத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். பந்தயப் பாதையைச் சோதித்துச் சான்று கொடுக்கும் உரிமமும் எங்கள் வட்டாரத்தில் அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது. மைதானத்தின் தார் வெடித்துக் கிடந்தது. வருடக் கடைசிக்குள் புதிதாகப் போடாவிட்டால் மைதானத்தை மூடிவிடுவார்கள். விளையாட்டு நிதியிலிருந்து பணம் கேட்டு மூன்று வருடமாக நகராட்சிக்கு நடையாய் நடந்தார்.

நகராட்சித் தலைவருக்கோ வேறு ஆசை. ஊர் நடுவில், எங்கள் தெரு வழியாகவே கார்கள் பறக்க வேண்டும். ஜனங்கள் மாடியிலிருந்து கை தட்ட வேண்டும். அவர் கொடி அசைக்க வேண்டும். இருப்பது ஒரே நிதி. இரண்டு நாள் கூத்துக்கு அது போனால் மைதானத்துக்கு நாமம்தான். பந்தயம் நடக்காமல் போனால் மட்டுமே பட்டியலில் அடுத்ததாக இருக்கும் மைதானத்துக்கு வரும்.

இதில் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். தெருப் பந்தயம் வேண்டும் என்று சுற்றிய மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். என் மருந்துக்கடை அந்தத் தெருவில்தான் இருக்கிறது. பள்ளங்களின் புண்ணியத்தில் முதுகுவலிக் களிம்பு நன்றாகத்தான் விற்றது. ஆனால் மழை பெய்தால் சேறு கல்லாப்பெட்டி வரை வரும். பந்தயம் வந்தால் புதுத் தார் வரும் என்றார்கள், விழுந்துவிட்டேன். மனுவைப் பார்த்த என் வீட்டுக்காரர், "உன் கையெழுத்து அழகா இருக்கு" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சாலைத்துறை தன் செலவில் தார் போட்டது. தெரு மழமழவென்று ஆனது. இனி அவருடைய சான்று ஒன்றுதான் பாக்கி. ஒரு மாதம் முன்பு வரை அவருக்கு வணக்கம்கூடச் சொல்லாதவர்கள் எல்லாம் "சார், சார்" என்று குழைந்தார்கள். எதிர்க்கடை சைக்கிள்காரர் எங்கள் வீட்டு வாசலிலேயே பழியாய்க் கிடந்தார்.

"அண்ணே, சட்டுபுட்டுனு ஒரு கையெழுத்தப் போட்டு விடுங்கண்ணே."

"அவசரப்படாதீங்க. விதிப் புத்தகத்துல பன்னெண்டாம் பக்கத்தப் படிச்சிட்டு வாங்க."

யார் படித்தார்கள்? தலைவரே படிக்கவில்லை.

மூன்று மீட்டர் நீள அலுமினியப் பட்டையைத் தாரில் படுக்கவைத்து, மண்டியிட்டு, அடியில் இடைவெளி தெரிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. நான்கு நாள் தெரு முழுக்க மண்டியிட்டே போனார். என் கடை வாசலில் மட்டும் ஒரே இடத்தை மூன்று தடவை அளந்தார். கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மனுஷன் ஒரு பள்ளம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருக்கிறார். கிடைக்கவில்லை.

சாப்பிடும்போது கேட்டே விட்டேன். "ஒரு பள்ளம் இருக்குன்னு எழுதிட்டா என்னங்க? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"மைதானம் போயிடுங்க."

"ரோடு நல்லா இருக்கும்மா. நல்லா இல்லன்னு எப்படி எழுதுறது?" என்றார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

பந்தயத்துக்குச் சரியாக முப்பது நாள் முன்பு, கெடு முடியும் அன்று, கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டிவிட்டார்கள். அப்போதுதான் எல்லோரும் பன்னிரண்டாம் பக்கத்தைத் தேடினார்கள். சான்று கொடுத்த பாதையில் பந்தயம் வரை எந்தச் சக்கரமும் படக்கூடாது. பட்டால் சான்று ரத்து. கெடு தாண்டிவிட்டால் புதுச் சான்றும் கிடையாது. கேட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற மைதானத்துக்காரர்கள் எழுதிய விதி அது. தெருவில் ஜனங்கள் குடியிருப்பார்கள் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

முனையில் விசிலோடு காவலாளிகள் நின்றார்கள். கேஸ் சிலிண்டர் தோளில் வந்தது. குழந்தைத் தள்ளுவண்டியைக் குழந்தையோடு தூக்கிக்கொண்டு ஓர் அப்பா மூச்சு வாங்க நடந்தார். சைக்கிள்காரர் அழாக்குறையாக என்னிடம் வந்தார்.

"அண்ணி, சைக்கிளத் தூக்கிட்டு வர்றாங்க, பஞ்சர் ஒட்டிட்டு மறுபடி தூக்கிட்டுப் போறாங்க. ஓட்டிப் பாக்காம நான் எப்படிங்க காசு கேக்குறது?"

நான்காம் நாள் தலைவர் புகைப்படக்காரரோடு நடந்தே வந்தார். என் வீட்டுக்காரர் தினசரிப் பதிவேட்டோடு பக்கத்தில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தது. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. கடையின் பின்கட்டுக்குப் போய், பெட்டி ஏற்றும் தள்ளுவண்டியை எடுத்தேன். குளுக்கோஸ் பாட்டில் பெட்டி நாலை அதில் அடுக்கினேன். கடை வாசலிலிருந்து நேராகத் தெருவைக் கடந்து சைக்கிள் கடை வரை தள்ளிக்கொண்டு போனேன். போனது போதாதென்று திரும்பியும் வந்தேன். புதுத் தாரில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நல்ல ரோடுதான், சந்தேகமே இல்லை.

விசில்கள் பறந்தன. தலைவர் வாயைப் பிளந்து நின்றார்.

"என்னம்மா இது? தெரியாம செஞ்சிட்டியா?"

"தெரிஞ்சுதாங்க செஞ்சேன்."

தலைவர் சட்டென்று என் வீட்டுக்காரர் தோளில் கை போட்டார். "சார், நீங்க எதையும் பாக்கல. சரிதானே?"

அவர் தலைவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பொய் வராதுங்க. அதான் நிஜமாவே ஒண்ணு செஞ்சு குடுத்திருக்கேன். எழுதுங்க" என்றேன்.

பதிவேட்டைத் திறந்தார். கண் கலங்கியதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் குனிந்துகொண்டு, அலுவலகக் குரலில் கேட்டார்.

"எத்தனை சக்கரம்?"

"நாலு. அதுல ஒண்ணு கொஞ்சம் ஆடும். அதையும் எழுதிக்குங்க."